பேசவைக்கும் வகுப்பும் அதன் மதிப்பெண் பலகையும்

இரண்டாம் மொழியில் தடையின்றிப் படிக்கவும் எழுதவும் பழகியவர்கள்கூட, எதிரே ஆள் இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதை அறிவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்றே நடத்தப்படும் இணையவழிப் பேச்சுப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து சில மாதங்கள் கற்றேன். இங்கே பாடநூலும் இல்லை, இலக்கண விளக்கமும் இல்லை. காணொளி அழைப்பில் பேசுவது மட்டுமே வேலை. அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது.

சேர்ந்தவுடன், எலேன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் வெளியிட்ட, மொழி வகுப்பறைப் பதற்றத்தை அளக்கும் 33 கூற்றுகளுக்கு நம்மைப் பதிலளிக்கச் சொல்கிறார்கள். பேசுவதில் உள்ள தயக்கம், தேர்வு பயம், பிறர் நம்மைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றையும் அந்த ஆய்வாளர்கள் இப்பதற்றத்தோடு தொடர்புபடுத்தினார்கள். என் பதில்கள் மூன்றாவதன் பக்கமே சாய்ந்தன. இங்கே வருபவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பயிற்சியின் உயிர், மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷனின் எழுத்துகள் வழியாகப் பலரும் அறிந்த 4-3-2 முறை. ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் 4 நிமிடமும், பிறகு வேறொருவரிடம் 3 நிமிடமும், மூன்றாமவரிடம் 2 நிமிடமும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒழுகிய குழாயைச் சரிசெய்த கதையை நான் எடுத்துக்கொண்டேன். வாஷருக்கு அந்த மொழியில் என்ன பெயர் என்று தெரியாததால், முதல் சுற்றில் பாதி நேரம் கையை ஆட்டியபடியே கழிந்தது. கடைசியில் ‘தண்ணீரை அடைக்கும் வட்டமான ரப்பர்’ என்று எப்படியோ சொல்லி முடித்தேன். இரண்டாம் சுற்றில் அதே தொடர் கொஞ்சம் தயங்கி வந்தது, மூன்றாவதில் யோசிக்காமலே வந்துவிட்டது. எதைச் சொல்வது என்ற கவலை நீங்கி, எப்படிச் சொல்வது என்பது மட்டும் மிஞ்சுவதும், ஒவ்வொரு முறையும் கேட்பவர் புதியவராக இருப்பதால் பழைய தடுமாற்றம் அவருக்குத் தெரியாமல் போவதும் பதற்றக்காரருக்குப் பெரிய ஆறுதல்.

பிழைதிருத்தத்திலும் நிதானம் காட்டுகிறார்கள். பேச்சை இடைமறிக்காமல், நாம் சொன்னதையே சரியான வடிவில் பயிற்றுநர் திரும்பச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்கிறார். இந்த வழி மென்மையானது, ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்கள் மிக அதிகமாகக் கையாண்ட திருத்தம் இதுவாகவே இருந்தும், மாணவர்கள் அதைக் கவனித்து எதிர்வினை காட்டியது மற்ற முறைகளைவிடக் குறைவாகவே இருந்தது. எனவே வகுப்பு முடிந்தபின் அனுப்பப்படும் பிழைக்குறிப்பு இன்றியமையாதது. அக்கறையுள்ள பயிற்றுநர் நாம் சொன்ன வாக்கியத்தையும் திருத்திய வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதி அனுப்புகிறார். வேறு சிலரோ ‘நன்றாகப் பேசினீர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். கட்டணம் வாங்கும் சேவையில் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது.

எனக்குப் பெரிய மனக்குறை வேறு. அழைப்பு முடிந்ததும் ‘சரளம்’ என்ற தலைப்பில் ஒரு விழுக்காடு திரையில் தோன்றுகிறது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற விளக்கம் எங்கும் இல்லை; சொல்லைத் தேடிச் சற்று நிறுத்தினாலும் எண் இறங்குவதுபோல் தெரிகிறது. வகுப்பு முழுவதும் தேர்வு பயத்தைப் பாடுபட்டு விலக்கிவைத்துவிட்டு, முடிவில் அதை வாசல் திறந்து உள்ளே அழைப்பது என்ன நியாயம்? எண் இறங்கிய நாள்களில், தெரியாத சொல்லைச் சுற்றிவளைத்துச் சொல்வதை விட்டுவிட்டு, தெரிந்த சின்ன வாக்கியங்களுக்குள்ளேயே பலரும் ஒதுங்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

குழு உரையாடல் வகுப்புகளைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களே அங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். தனி வகுப்புகளுக்குத் தயங்காமல் சேரலாம். முதல் வகுப்பிலேயே எழுத்துக் குறிப்பு வேண்டுமென்று பயிற்றுநரிடம் கேட்டுவிடுங்கள். கணக்கின் அமைப்புகளுக்குள் சென்றால் அந்த விழுக்காட்டை மறைத்துவைக்கும் வசதியும் இருக்கிறது.