ஸ்பைடர்ஸ் (1919, 1920): முதல் பாகத்துக்காகவே டிஸ்க் வாங்கலாம்

ஜெர்மன் சினிமா இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் என்றாலே எல்லோரும் அவருடைய 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே அவர் ஒரு புதையல் வேட்டைப் படம் எடுத்திருக்கிறார், அதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். நாலு பாகம் எடுக்கத் திட்டம் போட்டு, 'பொன் ஏரி', 'வைரக் கப்பல்' என்று இரண்டோடு நின்றுபோன ஊமைப்படம். தொலைந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த படம் 1970களில் கிடைத்து, சீரமைக்கப்பட்டு இப்போது டிஸ்க்கில் வருகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பார்த்தோம். ஆரம்பமே அபாரம். பெரு நாட்டில் சிக்கிக்கொண்ட ஒரு கிழவர் சீட்டு எழுதி பாட்டிலில் அடைத்துக் கடலில் வீசுகிறார், அடுத்த நிமிஷம் ஆள் காலி. அந்தப் பாட்டில் சான் பிரான்சிஸ்கோவில் கே ஹூக் என்ற பணக்கார சாகசக்காரன் கையில் கிடைக்க, அவன் கிளப்பில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்துவிடுகிறான். அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் லியோ ஷா. 'சிலந்திகள்' என்ற ரகசியக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவி, ரெசல் ஓர்லா நடித்திருக்கிறார். அலட்டாமல் ஒரு பார்வையிலேயே மிரட்டுகிறார், ஹீரோவைவிட எனக்கு இவரைத்தான் பிடித்தது. அப்புறம் பலூன், பாராசூட், இன்கா சூரியக் கோயில், நரபலி, தங்கம் கிடக்கும் குகை என்று மூச்சு விட நேரமில்லை. பெரும்பாலும் ஹாம்பர்க்கில் போட்ட செட்தான், ஆனால் சிலைகளும் சாமான்களும் திரையை நிறைத்து நிற்பதால் அது உறுத்தவே இல்லை. முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை நான் சொல்லப்போவதில்லை, மனசைப் பிசைந்துவிட்டது.

இரண்டாம் பாகம் இழுவை. புத்தர் தலை வடிவ வைரம் ஒன்று, அது சரியான ஆள் கைக்குப் போனால் ஆசியா அந்நிய ஆட்சியிலிருந்து விடுபடுமாம். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியைப் பிடித்து அடைத்தது இதே கடலூர் சிறையில்தான். அதற்கு ஒன்றிரண்டு வருஷத்தில், நம்முடைய விடுதலை ஜெர்மன் சினிமாவில் ஒரு மந்திரக் கல்லாக, அதுவும் கொள்ளைக்காரர்கள் துரத்தும் பொருளாக வருவதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. சீனர்களையும் இந்திய யோகியையும் காட்டியிருக்கும் விதமும் மோசம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ரகசிய நகரம் மட்டும் பார்க்கலாம்.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: என்னிடம் இருக்கும் டிஸ்க்கில், காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அக்கா பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொன்றையும் தமிழில் சத்தமாகச் சொன்னேன், அந்தக் காலத்துக் கொட்டகைகளில் ஆள் நின்று கதை சொன்ன மாதிரி. அட்டை போதுமான நேரம் நிற்பதால் அவசரமே இல்லை. ஒன்பது வயதுக்காரன் குகைக்குள் வெள்ளம் புகும் இடத்தில் எழுந்து நின்றுவிட்டான். பிள்ளைகளோடு பார்ப்பதானால் முதல் பாகத்தை மட்டும் போடுங்கள், பலி காட்சிக்கு முன்னால் சின்னவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.