சி-டு-சி ரோலா, ஸ்வீப் ரோலா?

கயாக் (ஒடுக்கமான சின்ன துடுப்புப் படகு) கவுந்தா, உள்ள உக்காந்தபடியே நிமித்துறதுதான் ரோல். இந்த ரெண்டுல எதை முதல்ல கத்துக்குறதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க.

கத்துக்க: சி-டு-சி ஈசி. துடுப்ப படகுக்கு 90 டிகிரில நீட்டு, நிறுத்து, இடுப்ப வெட்டு (படக்குனு இடுப்ப திருப்பி படக நிமித்துறது), எங்க சொதப்புனோம்னு உடனே தெரியும். ஸ்வீப்ல துடுப்ப முன்னாலேர்ந்து வளைச்சு இழுக்கணும், எல்லாமே ஒரே இழுப்பு, பிளேடோட (துடுப்போட தட்டையான முனை) முன்விளிம்பு லேசா மேல பாக்கலன்னா துடுப்பு நேரா ஆழத்துக்கு போயிடும், அப்படி நான் குடிச்ச தண்ணி கொஞ்சநஞ்சமில்ல.

நுரைத்தண்ணில: ஸ்வீப்தான். காத்து கலந்த தண்ணில பிடிமானம் கம்மி, ஆனா பிளேடு வளைஞ்சு நீளமா போறதால எங்கயாவது பிடி கிடைச்சிடும். சி-டு-சில ஒரே வெட்டு, மிஸ்ஸானா முதல்லேர்ந்து.

தோள்பட்டை: கை உடம்புக்கு பின்னால போனா ரெண்டுமே ஆபத்து, ஸ்வீப்ல மல்லாந்து சாயுறவங்களுக்கு கூடுதல்.

தலை: ரெண்டுலயும் கடைசிலதான் வெளிய வரணும்! மூச்சுக்கு தவிச்சு முதல்ல தூக்குனா திரும்பவும் உள்ளதான்.

நீச்சல்குளத்துல ஆரம்பிக்கிறவங்க சி-டு-சி, ஆத்துக்கே போறவங்க ஸ்வீப்.