ஆணி பஞ்சரா? நாவலூர் பக்கம் இந்த கடைக்கு போங்க

சென்னை ஓஎம்ஆர்ல சுத்தி எங்க பாத்தாலும் கட்டட வேலைதான், சென்ட்ரிங் பலகை ஏத்திட்டு போற வண்டிலேர்ந்து விழற ஆணி பூரா நம்ம டயருக்குன்னே காத்துட்டு இருக்கும், அதுலயும் எனக்கு எப்பவும் பின் டயர்தான். முன் வீல் ஏறி ஆணிய நிமித்தி விட்டுடும், பின் வீல் அது மேல நச்சுனு உக்காரும்னு கடைக்கார அண்ணன் சொன்னாரு.

வேற ஒரு பெரிய ஷோரூம்ல டயரையே மாத்தணும்னுட்டாங்க. இவரு சோப்பு தண்ணி ஊத்தி முட்டை எங்க வருதுன்னு பாத்தாரு, நடுப்பட்டைலதான் ஓட்டை, குறடால ஆணிய புடுங்கி, அரம் விட்டு குடைஞ்சு, பசை தடவுன ரப்பர் ஸ்ட்ரிப்ப சொருகி, நீட்டிட்டு இருந்தத பிளேடால நறுக்கிட்டாரு. பத்து நிமிஷம்கூட ஆகல, 150 ரூபா. ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தா டயர கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் பேட்ச் (காளான் மாதிரி தண்டு வெச்ச ரப்பர் ஒட்டு) போடறாரு, காசு கூட ஆகும் ஆனா அதுதான் நிக்கும். சைடுவால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல குத்திருந்தா தொடவே மாட்டேங்கறாரு, அந்த நேர்மைக்கே அஞ்சு ஸ்டார். (சைடுவால்லயும் ஸ்ட்ரிப் அடிச்சு விடற கடை இருக்கு, ஹைவேல வெடிச்சா யாரு பதில் சொல்றது?)

குறைன்னா காத்து மீட்டர்தான், 33 வைங்கன்னா 36 வெச்சுடறாரு, கையோட செக் பண்ணிக்கங்க. ஸ்டெப்னிக்கும் காத்து அடிக்க சொல்லுங்க, கேட்டாதான் அடிப்பாரு. ஜீபே உண்டு, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடை இருக்காது.