கைக்கணக்கா, அளவுக் கருவியா? சொந்தமாக வண்டி பழுது பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பைக்குக்கு ஆயில் மாற்றிவிட்டு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்ததால் ஒரு சொட்டு கசிந்தது. சரி, இன்னும் கொஞ்சம் என்று கால் சுற்று. துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம். அதுவரை கையை எதிர்த்துக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகிச் சும்மா சுற்ற ஆரம்பித்தது. வெளியே எடுத்தபோது அதன் மரையில் மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று முடியிழை போல ஒட்டிக்கொண்டு வந்தது. அது போல்ட்டின் மரை இல்லை, என்ஜினுடைய மரை. மரை கழன்றவன் என்று ஆளைச் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டும் பொருந்தியது.

புது வாஷர் ஒன்று போட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்த வாஷர் மெல்லிய செம்பிலோ அலுமினியத்திலோ இருப்பதே ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காகத்தான். நசுங்கிய வாஷரை இன்னும் நசுக்கப் பார்த்ததில் மரை போனது.

சொந்தமாகப் பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா என்றுதான் பொதுவாக ஒப்பிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய பயன் தெரியவில்லை. தப்பெல்லாம் அதற்குப் பிறகு, கையில் ஸ்பேனர் இருக்கும்போது, இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கும் நொடியில்தான் நடக்கிறது. அந்த ஜோடிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இதில் தப்பு செய்தால் வண்டி நின்ற இடத்திலேயே தெரியுமா, ஓடும்போதுதான் தெரியுமா?

கையால் இறுக்குவதா, டார்க் ரெஞ்ச் வைப்பதா

கைக்கணக்குக்காரர்களின் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய மெக்கானிக்குகள் யாராவது டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர், வைத்துப் பார்த்திருக்கிறீர்களா என்பார்கள். பார்த்ததில்லைதான். ஆனால் அவர்கள் கையைக் கவனித்திருக்கிறேன். சின்ன போல்ட்டுக்கு ஸ்பேனரின் நுனியைப் பிடிக்க மாட்டார்கள், தலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடிப்பார்கள். இறுக்கத்தின் அளவு நாம் கொடுக்கும் பலத்தை மட்டும் பொறுத்தது இல்லை. பலத்தையும் பிடியின் நீளத்தையும் பெருக்கினால் வருவது அது. 25 செ.மீ. தூரத்தில் 10 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர். அதே இழுப்பை 50 செ.மீ. கம்பியில் கொடுத்தால் 50. கைக்கு வித்தியாசமே தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும். வேறு வேறு நீளத்தில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு எப்போதாவது ஒருமுறை வண்டியைத் தொடும் நமக்கு அந்தக் கைக்கணக்கு வராது.

கார் சக்கர நட்டில் இதற்கு நேர்மாறான காட்சி. பெரும்பாலான கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை போதும். கழன்றுவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பவர்கள் உண்டு. 70 கிலோ ஆள் 40 செ.மீ. பிடியின் நுனியில் ஏறி நின்றால் சுமார் 275 வருகிறது. நட் ஏறும் ஸ்டட் என்ற மரைக்கம்பி நீண்டு பலவீனமாகும். அடுத்த முறை பஞ்சராகி நிற்கும்போது கழற்றவும் வராது.

சரி, டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அங்கேயும் தப்பு காத்திருக்கிறது. 'டிக்' என்ற சத்தம் வந்த பிறகு மனது கேட்காமல் இன்னொரு இழுப்பு இழுப்பவர்கள் பாதிப்பேர். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அதையே நெம்புகோலாக்குபவர்கள் மீதிப்பேர். சக்கரத்துக்கான பெரிய ரெஞ்சை அதன் அளவுகோலின் அடிமட்டத்துக்கு இறக்கி, 10 நியூட்டன் மீட்டர் கேட்கும் சின்ன போல்ட்டில் வைப்பார்கள். அந்த அடிமட்டத்தில் ரெஞ்சின் துல்லியம் நம்பும்படி இருக்காது, சத்தம் வருவதற்குள் போல்ட் முறியலாம். எல்லாவற்றையும்விட நைசான தப்பு, மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்குவது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது. 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. கிரீஸ் உராய்வைக் குறைத்தால் அந்த மிச்சம் அப்படியே இழுவிசையாக மாறும். எண் சரியாக இருக்கும், போல்ட் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். கையேடு எண்ணெய் தடவச் சொன்னால் தடவுங்கள், சொல்லாவிட்டால் உலர்ந்த மரைக்கான எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் பேசுவதில்லை: கோணக் கணக்கு. வாஷரோடு வரும் புது ஸ்பார்க் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருப்பி, அதற்கு மேல் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. ஏற்கனவே போட்டிருந்த பழைய பிளக் என்றால் வாஷர் நசுங்கியாகிவிட்டது. பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி நேர நகர்வு போதும். பிளக்கைக் குழிக்குள் இறக்க நான் ஒரு சிறு ரப்பர் குழாயைத்தான் பயன்படுத்துகிறேன். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனரைப் போல வம்பாக உள்ளே தள்ளாது.

என் தீர்ப்பு: சக்கரம், பிரேக், டிரெயின் போல்ட், என்ஜின் மூடி ஆகியவற்றுக்கு டார்க் ரெஞ்ச். பிளக்குக்குக் கோணம். பிளாஸ்டிக் பேனல்களுக்குக் கை.

எந்த ஸ்டார் டிரைவரும் ஸ்டார் டிரைவர்தானா

இது சின்ன விஷயம், ஆனால் மணிக்கணக்கைத் தின்னும். ஜப்பானியத் தயாரிப்பு பைக்குகளில், முக்கியமாகப் பழையவற்றில், கூட்டல் குறி போட்ட ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் இருக்கும். தலையின் ஓரத்தில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அதுதான். நம்மிடம் இருக்கும் பிலிப்ஸ் டிரைவர் பார்க்க அப்படியே இருந்தாலும் குழியின் அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பினால் எகிறி வெளியே வந்து, போகும்போது குழியையும் வழித்துக்கொண்டு போகும். பிறகு 'மட்டமான ஸ்குரூ' என்று திட்டுவோம். அதேபோல இறுகிப்போன போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்டைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது. அது போல்ட்டின் பக்கங்களைப் பிடிக்கும், மூலைகளைச் சிதைக்காது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது தண்ணீர்க் குழாய்க்கு.

பிரேக்: டாப்அப் செய்வதா, மாற்றுவதா

இங்கே பேச்சு வழக்கே ஒரு வில்லன். 'பிரேக் ஆயில்' என்று சொல்லிச் சொல்லி, அது ஆயில் என்றே நினைத்து என்ஜின் ஆயிலை ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அதன் பிறகு திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் பேடை நெருக்கும் கேலிப்பர், குழாய் என்று வரிசையாக மாற்ற வேண்டியதுதான்.

பிரேக் திரவத்தின் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான். எண்ணைப் பார்த்து 5.1 என்பது 5-க்கு அடுத்தது என்று நினைத்து இரண்டையும் கலப்பது புரிந்துகொள்ளக்கூடிய தப்பு, ஆனால் செய்யவே கூடாத தப்பு. கிளைகால் வகை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் அந்தச் சூடு எளிதில் வரும். திரவம் ஆவியானால் மிதி தரை வரை போகும். அலமாரியில் பாதி தீர்ந்து கிடக்கும் பழைய பாட்டிலை எடுத்து ஊற்றுவது மிச்சம் பிடிப்பது ஆகாது.

டாப்அப் ஏன் தப்பு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட் தேயத் தேய கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தைத் திரவம் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். அளவு இறங்குவது ஒரு சேதி: பேட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. மேலே ஊற்றி நிரப்பினால் சேதியை அழித்துவிட்டோம். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயிண்ட் மேல் கொட்டும், பெயிண்ட் உரியும்.

பேட் மாற்றுவதைப் பழகிய கை சொந்தமாகச் செய்யலாம். ஆனால் எல்லாம் பூட்டி முடித்ததும் மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாகிறதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட நாலைந்து மிதி தேவை. இதை மறந்தால் முதல் மிதி காற்றில் போகும், அது எங்கே என்பது நம் கையில் இல்லை. வேலையின்போது கேலிப்பரை ரப்பர் குழாயிலேயே தொங்கவிடுவதும் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, குழாய்க்கு உள்ளே ஏற்பட்ட சேதம் பிறகுதான் தெரியும். ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட ஒரு நிமிடம். பின் சக்கரத்தில் மின் பார்க்கிங் பிரேக் இருந்தால் கிளாம்ப் வைத்து நெருக்க வேண்டாம். அதற்குச் சர்வீஸ் நிலை என்று தனியாக ஒன்று இருக்கிறது.

ஊகித்து மாற்றுவதா, அளந்து பார்ப்பதா

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வேகமாகத் தெரியும், கைக்காசுதான் கரையும். காரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் பி0171 என்ற பிழை எண்ணைக் காட்டுகிறது. அதன் பொருள் கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பது மட்டும்தான். பலர் உடனே ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாட்டுகிறார்கள். அந்தச் சென்சார் சேதி கொண்டுவந்த ஆள்! வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கணக்கில் வராத காற்று போய்க்கொண்டிருக்கலாம். எண் சொல்வது அறிகுறி, பாகத்தின் பெயர் இல்லை.

பேட்டரி இன்னும் எளிய உதாரணம். ஸ்டார்ட் ஆகவில்லை, புது பேட்டரி. இரண்டு வாரத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் போதும். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராமல் 12-லேயே நின்றால் குற்றவாளி பேட்டரி இல்லை, சார்ஜ் செய்யும் பக்கம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை உடலில் எங்காவது தட்டியதும் தீப்பொறி பறக்கும்.

ஜாக்கியா, ஸ்டாண்டா

இதில் ஒப்பீடே கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். கான்கிரீட் கல் எடையைத் தாங்கும், ஒரு புள்ளியில் அழுத்தினால் சொல்லாமல் பிளக்கும். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்ல ஆளே மிஞ்சாமல் போகலாம்.

வீடியோவா, கையேடா

கிளிப் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தால் உடையாமல் வரும் என்பதை வீடியோ போல எந்தப் புத்தகமும் காட்டாது. ஆனால் அடம் பிடித்த போல்ட்டோடு வீடியோ போட்டவர் பட்ட ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டு, பளிச்சென்று கழன்று வருவதைத்தான் காட்டுவார். அப்புறம், அவருடைய வண்டி வேறு ஆண்டு மாடலாக இருக்கும். இறுக்கும் எண்ணும், ஆயிலின் அளவும் மாறியிருக்கும். பைக்குக்கு என்ன ஆயில் என்பதிலேயே இந்தக் கோளாறு வரும். ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கு ஜேஏஎஸ்ஓ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை வேண்டும். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கை அசைவுக்கு வீடியோ, எண்ணுக்குக் கையேடு என்று பிரித்துக்கொண்டதிலிருந்து எனக்குச் சிக்கல் குறைந்தது.

விட்டுக்கொடுக்கும் வேலைகள்

ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்கள், ஹைபிரிட் மற்றும் மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், அழுத்தி வைத்த சஸ்பென்ஷன் ஸ்பிரிங். இந்த மூன்றையும் நான் தொடுவதில்லை. மூன்றிலும் தப்பு தெரியும் நேரமும் அடிபடும் நேரமும் ஒன்றுதான்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் நடுவில் நிற்கும் வேலை. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் என்ஜின் சரியாக ஓடாது; பல பல் தள்ளினால் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆனாலும் இதில் ஒரு வசதி இருக்கிறது. சாவியைத் தொடுவதற்கு முன், என்ஜினின் முக்கியச் சுழல் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. குறிகள் திரும்ப ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றால் சரி. நடுவில் எங்காவது கட்டியாகத் தட்டினால் இன்னும் கொஞ்சம் என்று அழுத்தாமல் அங்கேயே கையை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து மாட்ட வேண்டும்.