டேங்க் மூக்கிலா, நடுவிலா?

குளோ எஞ்சின் (பழுக்கச் சூடாகும் பிளக்கால் மெத்தனால் கலவையை எரிக்கும் சின்ன எஞ்சின்) பொருத்திய மாதிரி விமானத்தில், எரிபொருள் டேங்கை ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினைப் பொருத்தும் முன்பலகைக்கு, பின்னாலேயே வைப்பதுதான் வழக்கம். குழாய் குட்டை, சைலன்சர் தரும் அழுத்தமே எரிபொருளைத் தள்ளப் போதும். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் மட்டத்திலோ, ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்கட்டும். மேலே போனால், நிறுத்தி வைத்திருக்கும்போதே எரிபொருள் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். குறை என்றால், டேங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகி வால் கனக்கும்.

இறக்கைக்கு நேராக, விமானத்தின் எடை சமநிலையில் நிற்கும் புவியீர்ப்பு மையத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. சாகசப் பறத்தலுக்கு இதுதான் சரி. ஆனால் குழாய் நீளம். செங்குத்தாக ஏறும்போது எஞ்சின் எரிபொருளுக்குத் தவிக்கும், பம்ப் வேண்டும். பெட்ரோல் எஞ்சினென்றால் கவலையில்லை, அதில் வரும் வால்ப்ரோ (ஒரு நிறுவனப் பெயர்) வகை கார்புரேட்டருக்குள்ளேயே பம்ப் உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு இதெல்லாம் வீண் செலவு, முன்னாலேயே வையுங்கள். அப்புறம், எங்கே வைத்தாலும் டேங்கைச் சுற்றிலும் நுரைப்பஞ்சு (ஃபோம்) அவசியம். அதிர்வில் எரிபொருள் நுரைத்தால் எஞ்சின் இருமும்.