ஆட்டா மாப் பாண்: வெளியில் பொங்கவைப்பதா, குளிரில் பொங்கவைப்பதா?

வெள்ளைக் கோதுமை மாவில் பஞ்சுபோலப் பொங்கும் பாண், அதே ஈஸ்டும் அதே கைப்பக்குவமும் இருந்தும், ஆட்டா மாவில் இறுகிப்போவதற்கு முதற்காரணம் தவிடு. தவிடு தண்ணீரை அதிகமாகவும் மெதுவாகவும் உறிஞ்சுகிறது; சரியாக ஊறாத துகள்களோ, காற்றைப் பிடித்துவைக்க வேண்டிய பசையத்தின் இழைகளை அறுத்துவிடுகின்றன. 500 கிராம் வெள்ளை மாவுக்கு ஏறக்குறைய 310 மில்லிலீற்றர் தண்ணீர் போதுமென்றால், ஆட்டா மாவுக்கு 375 மில்லிலீற்றர் வரை வேண்டும். இதைச் சரிசெய்யாவிட்டால் எந்த முறையும் கைகொடுக்காது.

முதல் முறையில் 7 கிராம் உடனடி ஈஸ்ட் சேர்த்துக் குழைத்து, மா இரண்டு மடங்காகும் வரை வெளியில் வைக்கிறோம். வெதுவெதுப்பான இடத்தில் வைக்கும்படி சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளுக்கு எழுதப்பட்டவை. வெள்ளவத்தையில் எங்கள் சமையலறை பிற்பகலில் 30 பாகை செல்சியஸைத் தொடும். அந்த வெப்பத்தில் ஈஸ்ட் ஓடும் ஓட்டத்துக்குத் தவிடு ஊறும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. ஒருமுறை போறணை சூடாகும் வரை காத்திருந்த வேளையில் தட்டின் விளிம்புவரை எழுந்து நின்ற மா, மேலே கத்தியால் கீறியதுமே பெருமூச்சு விட்டதுபோல் அமிழ்ந்து, கள்ளின் வாசனையைக் கிளப்பியது. சுட்டெடுத்தபோது மேலே பொந்து, அடியில் களி.

இரண்டாவது முறையில் ஈஸ்ட் 2 கிராம்தான். மாவையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து அரை மணிநேரம் ஊறவிட்டு, ஒதுக்கிவைத்த இரண்டு கரண்டி இளஞ்சூட்டு நீரில் கரைத்த ஈஸ்டையும் 9 கிராம் உப்பையும் சேர்த்துக் குழைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் கதவுப் பக்கம் கூடாது. காலையில் ஒரு துண்டை விரல்களால் மெல்ல விரித்தால், நறநறப்பின்றி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஏடாக அது நீள்வதைக் காணலாம். முதல் முறையில் அதே மா பாதியிலேயே கிழிந்துவிடும். தட்டிலிட்டபின் ஒன்றரை மடங்கானதும், விரலால் அழுத்திய குழி மெதுவாகத் திரும்பும் தருணத்திலேயே போறணைக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டு மடங்கு வரை காத்திருப்பது ஆட்டா மாவுக்கு ஆகாது. 200 பாகையில் 35 முதல் 40 நிமிடங்கள் வேகட்டும்.

பாதி வெள்ளை மா கலப்பதும் ஒரு வழிதான். நன்றாகவே பொங்கும், ஆனால் நாம் விரும்பிய முழுக்கோதுமைப் பாண் அதுவல்ல.

கொழும்பு வெக்கைக்கு என் தெரிவு இரவுக் குளிர் முறையே. அன்றைக்கே பாண் வேண்டுமென்பவர்கள் முதல் முறையில் ஈஸ்டை 4 கிராமாகக் குறைத்து, ஐஸ் தண்ணீரில் குழைத்து, போறணையை முன்கூட்டியே சூடாக்கத் தொடங்கிவிட வேண்டும்.