லாக்டிக் அமிலம் பிரிக்க சுண்ணாம்பா, சவ்வா?

நொதித்த கரைசலிலிருந்து லாக்டிக் அமிலத்தை இரண்டு வழியிலும் பிரித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் சின்னச் சோதனை ஆலையில் இப்போது ஓடுவது சவ்வு. மறுபடி தேர்வு செய்யச் சொன்னாலும் அதையே எடுப்பேன்.

சுண்ணாம்பு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். புளிப்பு ஏற ஏற பாக்டீரியா சோர்ந்துவிடும் என்பதால் பெர்மென்டரில் (நொதிக்க வைக்கும் தொட்டியில்) சுண்ணாம்பு போட்டு பிஎச் 6-ஐ ஒட்டி வைக்கிறோம். கிடைக்கும் கால்சியம் லாக்டேட்டில் கந்தக அமிலம் சேர்த்தால் லாக்டிக் அமிலம் கரைசலில் நிற்கும், ஜிப்சம் படியும். ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம். படிந்ததைப் பிழிந்து வடிகட்டும் ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்தால் புளித்த வாடையோடு பழுப்பாக ஈரக்கட்டி விழும். அதை எங்கே கொட்டுவது என்பது தினப்படிக் கவலை. ஆனால் நொதிக்க வைக்கும் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) எவ்வளவு அழுக்காக வந்தாலும் இந்த முறை தாங்கும்.

சவ்வு வழியில் சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா. செராமிக் சவ்வு பாக்டீரியா செல்களைத் தடுக்கும், அதைவிட நுண்ணிய துளையுள்ள நானோ சவ்வு நிறத்தையும் கால்சியம், மெக்னீசியத்தில் பெரும்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் இருமுனைச் சவ்வு மின்பிரிப்பு. மின்சாரம் தண்ணீரைப் பிளக்க, சோடியம் லாக்டேட் ஒரு பக்கம் அமிலமாகவும் மறுபக்கம் காஸ்டிக்காகவும் பிரிகிறது. அந்தக் காஸ்டிக் திரும்ப பெர்மென்டருக்கே போகிறது. என் மனதை மாற்றியது இதுதான்.

சரி, இதன் விலை பராமரிப்பு. அதிலும் கால்சியம். காஸ்டிக் உருவாகும் பக்கத்தில் மீதக் கால்சியம் வந்தால் ஹைட்ராக்சைடாக சவ்வின் மேலேயே படிந்துவிடும். அதனால் மின்பிரிப்புக்கு முன் ரெசின் (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழியாக ஓட்டி, ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒருமுறை ரெசினைப் புதுப்பிப்பது ஒரு ஷிப்ட் தள்ளிப்போனது. வோல்டேஜ் மெல்ல ஏறியது. மின்பிரிப்புச் சவ்வுகளின் அடுக்கைப் பிரித்துப் பார்த்தால், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியுமே, அது போன்ற வெள்ளைப் பொருக்கு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி பெரும்பாலும் மீட்டோம், முழுசாக அல்ல. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் ரெசினைத் தாண்டி வரும் கரைசலில் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம்) சோதனை உண்டு. சில சொட்டு சாயம் விட்டு, நீலமாக இருந்தால் ஓட்டு, சிவப்பு கண்டால் நிறுத்து.

செராமிக் சவ்வுக்கும் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் சூடான காஸ்டிக், அப்புறம் நீர்த்த நைட்ரிக் அமிலம், கடைசியில் சுத்தத் தண்ணீர் சவ்வு வழியே எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்ற அளவு. முதல் நாள் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதன் அருகே திரும்பாமல் அடுத்த பேட்ச் கிடையாது. பாலிமர் சவ்வு மலிவுதான், ஆனால் இந்தச் சூட்டையும் காரத்தையும் பல வகை பாலிமர்கள் அதிக நாள் தாங்காது. நான் அதைச் சில வாரங்கள்தான் ஓட்டினேன், உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

எங்கள் மின்பிரிப்பு அடுக்குக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. சவ்வை மாற்றும் செலவு எவ்வளவு கடிக்கும் என்பதை அனுபவமாகச் சொல்ல எனக்கு உரிமை வரவில்லை. மின்சாரம் விலை கூடிய இடத்தில், பக்கத்திலேயே ஜிப்சம் வாங்கும் சிமென்ட் ஆலை இருந்தால் சுண்ணாம்பு கணக்கில் ஜெயிக்கலாம்.

எதுவானாலும் முதல் பேட்ச்சுக்கு முன்பே முடிவெடுங்கள். பெர்மென்டரில் சுண்ணாம்பைப் போட்டுவிட்டு, பின்னால் சவ்வுக்கு மாறலாம் என்று பார்த்தால், அந்தக் கால்சியம் முழுவதையும் ரெசினால் பிடித்து மாளாது.